கொங்கர் ஆநிரையும் வான் தந்த நீரும்

உலகத்து உயிர்கட்கெல்லாம் உணவினும் முற்பட வேண்டுவது நீரே என்பது யாவரும் உணர்ந்ததொன்று. கடவுள் வாழ்த்தினை அடுத்து வான்சிறப்பினை வைத்த வள்ளுவனாரின் கருத்தும் அதுவே. ஆயினும், மனிதர்க்குக் குடிநீர் இல்லையென்று முறையிடுவார் பலராக, கட்டுத்தறியில் நின்று நாவறண்டு நம் முகத்தையே நோக்கும் வாயில்லாச் சீவன்களின் பொருட்டு வாய்திறப்பார் மிகச் சிலரே. நம் சங்கத்துக் குடும்பங்களுட் பெரும்பாலானவை இன்றும் இரண்டு மாடேனும் நான்கு ஆடேனும் உடையன. ஆதலின், சேலம் நாமக்கல் சமவெளியில் கால்நடைகட்கு நீர் கிடைத்துவந்த வரலாற்றினையும், அவ்வரலாறு நமக்கு உணர்த்தும் ஒரு பாடத்தினையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பண்டை நிலை

இச்சமவெளியின் மேல்பகுதி பண்டைக் கொங்குநாட்டைச் சேர்ந்தது. கொங்கரென்றால் பசுச்செல்வம் உடையார் என்பதே சங்கப் புலவர்தம் நினைவு. பதிற்றுப்பத்தின் மூன்றாம் பத்திலே, பல்யானைச் செல்கெழு குட்டுவனைப் பாடவந்த பாலைக் கௌதமனார், கொங்குநாட்டு வன்னிலத்தைக் குந்தாலியால் உடைத்துத் தோண்டிய கிணற்றில் சிறிதே ஊறிய நீரைக் கயிறு கட்டி முகக்க, அம்முகவையைப் பசுக்கள் சூழ்ந்து மொய்க்கும் காட்சியினைக் காட்டுகின்றார். அகநானூற்றிலோ, கல்லை உடைத்து ஆக்கிய உவர்நீர்ப் பள்ளத்தை நாடிக் கொங்கரது மணி கட்டிய ஆநிரை தலைநிமிர்ந்து செல்லும் செய்தி வருகின்றது.

இவ்விரண்டினையும் ஊன்றி நோக்குமின். நிலம் வன்னிலம், கிணறு பாறைக் கிணறு, ஊறுநீர் சிறிது, அச்சிறிதும் உவர். ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர்ப் புலவர் கண்ட இந்நான்கும் இன்றும் மாறினவல்ல. நம் நிலத்தின் அடியில் இருப்பது கடும்பாறை. மேலே சிதைந்த மண்ணடுக்கிலும் பாறை வெடிப்புக்களிலும் தங்கிய நீரே கிணற்று நீர். ஆற்றோர ஊர்கள் நீங்கலாகப் பல ஊர்களில் அந்நீர் கடினநீர். சில ஊர்களில் உப்புநீர். சேலம் மாவட்டத்தின் சில பகுதிகளில் ஃபுளோரைடு என்னும் பொருள் அளவுமீறிக் கலந்த நீர். அப்பொருள் மிக்க நீரை நெடுநாட் பருகிய மாட்டிற்குப் பற்கள் கறைபட்டுத் தேய்தலும் கால் நொண்டுதலும் உண்டாமென்பர் கால்நடை மருத்துவர்.

முன்னோர் செய்த ஏற்பாடு

நிலத்தடி நீரின் இயல்பு இதுவாகவும், ஆநிரை பெருக்கி வாழ்ந்த நம் முன்னோர் எவ்வாறு சமாளித்தனர் எனின், கிணற்றை மட்டும் நம்பினாரல்லர். வானத்து நீரை வழியிலே மறித்து வைத்துக்கொண்டனர் என்க. குன்றின்மேற் சுனையும், பாறைக்குழிவிற் பாழியும், மேய்ச்சற் புறம்போக்கிற் குட்டையும், ஊரடியில் ஏரியும் ஆக மழைநீர் தங்கும் இடங்களை மேலிருந்து கீழாக அமைத்தனர். சங்ககிரிக் கோட்டை மீது படையோடு தங்கினாரும், நாமக்கற் கோட்டைப் பாறைமேல் இருந்தாரும் பருகிய நீர், பாறைவழி வழிந்து சுனையில் தங்கிய மழைநீரே. மலையுச்சியிற் பகைவர் சூழ நின்றார்க்கும் அந்நீர் போதியதாயிற்று.

முப்பத்திரண்டு அறங்கள் என நம்மோர் எண்ணிவைத்த பட்டியலிலே பசுவிற்கு வாயுறை கொடுத்தலும், ஆ உரிஞ்சுதற்குக் கல் நாட்டலும், தடம் அமைத்தலும் இடம்பெற்றுள்ளன. கால்நடைக்குச் செய்வது தொழிலன்று, அறம் என்பது அவர் துணிபு. மேய்ச்சற் குட்டைக்குக் கட்டுப்பாடும் இருந்தது. அதில் துணி வெளுத்தல் கூடாது. வயலுக்கு இறைத்தல் கூடாது. கோடையில் வற்றியபோது ஊரார் கூடி வண்டலை அள்ளித் தத்தம் காட்டிற்கு எருவாக இட்டுக்கொள்ளுதல் வேண்டும். வண்டல் காட்டிற்கு உரமாயிற்று, குட்டை ஆழமாயிற்று. வீடுகளிலோ, தொழுவத்தருகே கல்லாற் கடைந்த குழுதாழி இருந்தது. இன்று அக்குழுதாழிகளுட் பல, நகரத்து மாளிகை முற்றங்களிற் பூச்செடி வளர்க்கும் தொட்டிகளாயின.

தாது வருஷப் பஞ்சம்

இவ்வேற்பாடு எத்துணை வலிமையுடையது, எங்கே வலிமையற்றது என்பதனை அளந்து காட்டியது, 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வருத்திய தாது வருஷப் பஞ்சம். அதனால் மிகத் துன்புற்ற மாவட்டங்களுட் சேலமும் ஒன்று. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அந்நாளில் சேலத்துள் அடங்கியிருந்தன. 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரமாக இருந்த மக்கட்டொகை, 1881-ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 16 இலட்சமாகக் குறைந்தது. இறந்தோரும் ஊர் நீங்கியோரும் ஆக மூன்றரை இலட்சத்திற்கு மேற்பட்டோர் கணக்கினின்று மறைந்தனர்.

மனிதர் மடியுமுன் மாடுகள் மடிந்தன. பருவமழை பொய்த்தது, புல் காய்ந்தது, தூரெடாமல் மேடுற்ற குட்டைகள் முதலில் வற்றின, கிணற்றில் எஞ்சிய நீரை மனிதர்க்கென ஒதுக்கினர். எலும்புந் தோலுமான எருதுகளை விற்பாரும், வாங்குவாரின்றி அவிழ்த்து விடுவாரும் ஆயினர். இதனால் விளைந்த கேடு பஞ்சத்தோடு ஒழியவில்லை. மீண்டும் மழை பெய்தபோது ஏர் பூட்ட எருதில்லை. கவலை இறைக்க எருதில்லை. விதைத்த நெல்லுக்கும் கம்புக்கும் எரு இடச் சாணமில்லை. மழை வந்தும் பஞ்சம் நீடித்தமைக்கு இதுவுமொரு காரணமாகும். கால்நடை என்பது உழவனது கைப்பொருள் மட்டுமன்று. மறுபடி எழுந்து நிற்றற்கு வேண்டிய காலும் அதுவே.

கிணறும் ஆழ்துளையும்

அப்பஞ்சத்தின் பின்னர், கிணறு தோண்டுதலே தக்க மருந்து என்று அரசினரும் குடிகளும் கருதினர். 1883-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தக் கடன் சட்டம் பிறந்தது. தக்காவிக் கடன் பெற்றுப் பலர் கிணறு வெட்டினர். அஃது அக்காலத்திற்கு நன்மையே செய்தது, மறுப்பார் யார்? 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணை நம் மண்ணிலே எழுந்ததாயினும், அதன் நீர் பெரும்பாலும் கீழ்நாட்டுக் கழனிகளை நோக்கிச் சென்றது. கிழக்கு மேற்குக் கரைக் கால்வாய்கள் பின்னர் வெட்டப்பெற்று 45 ஆயிரம் ஏக்கர் அளவுக்கு இப்பக்கத்தே பாய்ந்தன. பரமத்தி வேலூர்ப் பக்கத்தார்க்கு ஜேடர்பாளையத்தினின்று பிரியும் இராஜவாய்க்கால் உண்டு. இவற்றிற்கு எட்டாத மேட்டுக்காட்டார்க்குக் கிணறே கதி.

மேட்டூரில் மின்சாரம் பிறந்து, நாளடைவில் கம்பி வழியே காடுதோறும் சென்றது. கவலை நின்றது, பம்பு வந்தது. எருது இரண்டு இளைக்குமட்டும் இறைத்த காலத்தில் கிணற்றிற்கு இரவெல்லாம் ஓய்வு இருந்தது, ஊறி நிறைந்தது. பம்பிற்கு இளைப்பு ஏது? 1990-ஆம் ஆண்டளவில் உழவர் பம்புகட்கெல்லாம் மின்சாரம் இலவசமாயிற்று. திறந்த கிணறு வற்றிய இடத்தில் ஆழ்துளைக் கிணறு தோன்றியது. 200 அடி 400 ஆயிற்று. 400 அடி 800 ஆயிற்று. 1000 அடியும் கடந்தது.

ஈண்டு ஓர் உண்மையினை நாம் நாணாது ஒப்புக்கொள்ளல் வேண்டும். பாரத நாடெங்கணும் சென்று நிலத்தைத் துளைக்கும் வண்டிகளுக்குத் தாயகம் நம் திருச்செங்கோடே. அத்தொழிலால் உயர்ந்த குடும்பங்கள் நம்முள்ளும் பல உள. அவர்தம் உழைப்பினையும் துணிவினையும் யாம் குறைகூறுகின்றோமல்லேம். பிற நாட்டார்க்கெல்லாம் நீர் காட்டச் சென்றோமாகிய நம் சொந்தத் தொழுவம் கோடையில் வறண்டு நிற்பது தகுமா என்பதே எம் வினா.

எம் இல்லத்து நிகழ்ந்தது

2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுதும் வறட்சியுற்றதென அரசினர் அறிவித்தனர். யாம் பள்ளியிற் பாடஞ்சொல்லி மீதிப்பொழுதிற் சிறு பண்ணையம் செய்வோம். அந்நாளில் எம்மிடம் நான்கு கறவைகளும் சில வெள்ளாடுகளும் இருந்தன. பங்குனியில் எம் 850 அடி ஆழ்துளையிலே நீர் குறைந்து, வந்த சிறிதும் உப்பாயிற்று. மாடுகள் முகர்ந்து பார்த்து முகந்திருப்பின, தாகம் மிகவே குடித்தன, குடித்தவை கழிந்தன. பால் பாதியாகச் சுருங்கிற்று. லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கி மாட்டிற்கு வைப்பது ஆசிரியர் சம்பளத்திற்கு ஏலாதாயிற்று. சித்திரை முதல்வாரத்தில் இரண்டு கறவைகளைப் புதன்சந்தைக்கு ஓட்டிச் சென்றோம். அன்று அச்சந்தையில் விற்க வந்தாரே மிகுதி. வாங்க வந்தார் சிலர். கேட்ட விலைக்குக் கொடுத்து, கயிற்றை மட்டும் சுருட்டிக்கொண்டு மீண்டோம்.

எட்டாம் நாள் இரவு கோடைமழை ஒன்று இடியோடு பெய்தது. ஒரு நாழிகைக்கு மேல் நில்லாது கொட்டிற்று. தொழுவத்துத் தகரக் கூரையினின்று நீர் அருவியாய் விழுந்து, வாசலைக் கடந்து, இட்டேரியில் இறங்கி ஓடியதனை யாம் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கவலை இறைத்த காலத்தையும் மேய்ச்சற்குட்டையையும் கண்ணாற் கண்டவரான எம் அன்னையார் அருகிருந்து, "மாட்டை வித்துப்போட்டு, மழையையும் வழியனுப்பிப்போட்டு உக்காந்திருக்கறமே, கண்ணு" என்றார். பாட்டும் உரையும் கற்ற எமக்கு, அதுகாறும் தோன்றாதிருந்த உண்மை அச்சொல்லால் விளங்கிற்று. எண்ணூறு அடிக்குக் கீழே தேடிய பொருள் பன்னிரண்டடி உயரத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தது.

கணக்கு

மறுநாள் கரும்பலகையில் எழுதுவது போன்றே கணக்கிட்டுப் பார்த்தோம். அதனை அன்பர்களும் தத்தம் தொழுவத்திற்குப் போட்டுப் பார்ப்பாராக. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்யின் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். இருபதடி அகலமும் முப்பதடி நீளமும் உள்ள தொழுவக் கூரை 600 சதுர அடி. அஃதாவது ஏறத்தாழ 56 சதுர மீட்டர். நம் சமவெளியில் இடத்திற்கேற்ப ஆண்டுக்கு 700 முதல் 1000 மில்லிமீட்டர் வரை மழை உண்டு. 800 என்று கொள்வோமாயின், அக்கூரைமேல் விழுவது ஏறத்தாழ 44,600 லிட்டர். சிதறலும் முதல்மழைக் கழிவும் நீக்கி நூற்றுக்கு 80 பங்கு பிடித்தாலும் 35,000 லிட்டருக்குக் குறையாது.

இனிச் செலவு. கறவை மாடொன்று நாளொன்றுக்குச் சராசரி 50 லிட்டர் குடிக்கும் எனலாம். கோடையிலும் பால் மிகுந்த காலத்திலும் அதனின் மிகும். பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீரே ஆதலின், நீர் குறையப் பால் குறைதல் வியப்பன்று. வெள்ளாடும் செம்மறியும் 4 முதல் 6 லிட்டரோடு அமையும். நான்கு மாடுகட்கு நாளொன்றுக்கு 200 லிட்டர். தை இறுதி முதல் வைகாசி வரையுள்ள வறண்ட நூறு நாட்கட்கு 20,000 லிட்டர். பத்தடி நீளம், பத்தடி அகலம், ஏழடி ஆழமுள்ள ஒரு தொட்டி ஏறத்தாழ அவ்வளவே கொள்ளும். மழை பாதியாகக் குறைந்த ஆண்டிலும் அக்கூரை 17,000 லிட்டருக்கு மேல் தரும். நான்கு மாடுகளை ஏறத்தாழ மூன்று திங்கள் காக்கும்.

இதனால் அறியப்படுவது யாது? பயிருக்கு வேண்டும் நீர் கடல்போன்றது. அதனைக் கூரையால் ஈட்டல் இயலாது. மாடு குடிக்கும் நீரோ சிறிது. அச்சிறிதளவை நாம் பயிர்நீரோடு ஒன்றாகக் கலந்து, ஆழ்துளை வற்றினால் இரண்டும் போயிற்றென்று அழுகின்றோம். இரண்டினையும் பிரித்து வைத்தல் வேண்டும். ஐப்பசியில் விழுந்ததனைச் சித்திரைக்கு எடுத்து வைத்தலே தொழுவங்காக்கும் வழி.

செய்முறை

ஓலைக்கூரை நீர் நிறங்கெட்டு நாறும். ஓடும் தகரமும் தக்கன. இறவாணத்தில் தகரத் தூம்பு கட்டி, ஒருபுறம் சாய்வு கொடுத்துக் குழாய் இறக்கல் வேண்டும். நெடுநாள் வறட்சியின்பின் பெய்யும் முதல்மழையில் தூசும் பறவை எச்சமும் கலந்திருக்கும். அதனை வெளியே விட்டு, கூரை கழுவப்பெற்ற பின்னரே தொட்டிக்குத் திருப்புக. கூழாங்கல், மணல், மரக்கரி இவற்றை அடுக்கிய சிறு வடிகட்டி வழியே நீர் இறங்குக. தொட்டியினை மூடி வைத்தல் இன்றியமையாதது. வெயில் படின் பாசி படரும். திறந்திருப்பின் கொசு முட்டையிடும். ஆண்டுக்கொருமுறை புரட்டாசிக்கு முன் கழுவிச் சுண்ணாம்பு பூசுக.

நிலம் சிறிது மிகுதியாக உடையார் பண்ணைக்குட்டையும் வெட்டலாம். ஆயின் இரண்டு எச்சரிக்கைகள். நம் வெயிலில் திறந்த குட்டையினின்று ஓராண்டில் ஐந்தடிக்கு மேல் நீர் ஆவியாய்ப் போகும். ஆதலின் பரப்பைக் குறைத்து ஆழத்தைக் கூட்டுக. அடியிற் களிமண் இட்டுத் திமிசு போடுக. மற்றொன்று, மாட்டைக் குட்டையில் இறக்கலாகாது. தேங்கிய நீர்க்கரையில் வாழும் நத்தைகள் வழியே ஈரல் தட்டைப்புழு மாட்டைப் பற்றும். சாணமும் மூத்திரமும் கலந்து நீரும் கெடும். சுற்றிலும் வேலியிட்டு, குழாய்வழி நீரைத் தொட்டிக்குக் கொணர்ந்து காட்டுக.

தடைகளும் விடைகளும்

"தொட்டி கட்டப் பணம் எங்கே?" என வினவுவாரும் உளர். துளை ஒன்று பொய்த்தால் எவ்வளவு போகின்றதென்பதனை நம் ஊரில் அறியாதார் இலர். பொய்த்த துளை மீண்டு ஒரு துளி தருவதில்லை. தொட்டியோ ஆண்டுதோறும் நிறையும். "நம் நாட்டு மழை போதாது" என்பாரும் உளர். இராஜஸ்தானத்துப் பார்மேர், ஜெய்சல்மேர்ப் பக்கங்களில் ஆண்டு மழை 300 மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்குள்ளார் தாங்கா என்னும் நிலத்தடித் தொட்டிகளில் அம்மழையினைச் சேர்த்து வாழ்கின்றனர். அவர் பெறுவதனினும் இருமடங்கு பெறும் நாம் போதாதென்பது முறையன்று. "அரசினர் செய்வர்" என்பாரும் உளர். 2003-ஆம் ஆண்டிலே கட்டிடந்தோறும் மழைநீர் சேகரிக்கவேண்டுமெனத் தமிழ்நாட்டு அரசினர் கட்டாயமாக்கினர். வீட்டுச் சுவரோரம் குழாய் ஒன்று இறக்கி நாமும் கடமையைத் தீர்த்தோம். அந்நீர் மண்ணுள் இறங்கி ஊருக்குப் பொதுவாயிற்று, நன்றே. ஆயின் தொழுவக் கூரையை நினைந்தார் எத்தனை பேர்?

முடிவுரை

மேச்சேரிச் செம்மறியும், சேலம் கறுப்பு வெள்ளாடும், ஆலம்பாடி மாடும் இந்நிலத்து வறட்சியைத் தாங்குமாறு வழிவழி வந்த இனங்கள். பொட்டனேரியில் மேச்சேரி ஆட்டினத்திற்கென ஓர் ஆராய்ச்சி நிலையமும், நாமக்கல்லிற் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள. அறிவு அருகிலேயே இருக்கின்றது. சென்று கேட்பார் வேண்டும். கேட்டதனைச் செய்வார் வேண்டும்.

நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். சங்கத்துத் திருமண மண்டபத்தின் பெருங்கூரையினின்று ஓடும் நீரை முதலிற் சேர்த்து, வழியே செல்லும் ஆடுமாடுகட்கு ஒரு கல்தொட்டியில் விடுவாராக. அது காண்பார்க்கு வழிகாட்டியாகும். ஊர்தோறும் இளைஞர் கூடித் தத்தம் மேய்ச்சற்குட்டை எங்கிருந்தது, யார் கைப்பட்டது என வயது முதிர்ந்தோரைக் கேட்டறிந்து, தூரெடுக்க முற்படுவாராக. அதனை மறித்திருப்பார் நம்மவரேயாயினும், நயமாகக் கூறித் திருப்பிப் பெறுதல் கடன்.

எம் இல்லத்துத் தொட்டி 2018-ஆம் ஆண்டு ஆடியிற் கட்டி முடிந்தது. விற்ற கறவைகள் மீளவில்லை. ஆயின் அன்றுதொட்டு இன்றுகாறும் நீரின்மையால் எம் தொழுவத்தினின்று ஒரு மாடும் சந்தைக்குச் சென்றதில்லை. எம் அன்னையார் தோட்டத்து மூலையிற் கிடந்த பழைய குழுதாழியைக் கழுவி, தொட்டியடியிலே வைப்பித்தார். மாலையில் மேய்ந்து வரும் மாடுகள் அதனைச் சூழ்ந்து மொய்க்குங்கால், ஈராயிரம் ஆண்டுகட்கு முன் பாலைக் கௌதமனார் கண்ட காட்சி எம் நினைவுக்கு வரும். அன்று கொங்கர் பசு பருகியது அருகி ஊறிய நீர். இன்று எம் பசு பருகுவது வான் தந்த நன்னீர். இந்நலத்தினை நம் சங்கத்துத் தொழுவங்கள் யாவும் பெறுக. மாரி வழங்குக, ஆநிரை வாழ்க.